சாதா ஆளுக்கு நீச்சல் தெரியும்

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். கொக்கிரகுளத்தில் அந்த மாடிப்படிக்குக் கீழே முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். அவற்றில் மூன்று சோடி எனக்குத் தெரிந்தவை. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கு என்னுடையது. மூன்று சோடியும் அந்த நேரத்தில் பாளையங்கோட்டையில் என் அறை வாசலில் கிடந்திருக்க வேண்டியவை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பக்கத்து அறையில் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் குடியிருந்தார். துபாயிலிருந்து விடுப்பில் வந்த அவருடைய அண்ணன் ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகமும், நெல்லிக்காய் அளவில் பல முகம் உள்ள பகடைகளும் இருந்தன. அந்த ஆட்டத்துக்குப் பலகை கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக உட்கார்ந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

புத்தகத்தை முழுக்கப் படித்தவன் நான்தான். அதிலிருந்த கோட்டைகளும் பறக்கும் மிருகங்களும் எங்களுக்கு ஒட்டவில்லை. எனவே மலையிலிருந்து கடல்வரை நம் ஆற்றை வைத்தே ஓர் ஆட்டம் எழுதினேன். ஒரு வருடம் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் அறுபது புள்ளி. அதைச் செலவழித்துத் தம் ஆளைத் தாமே செதுக்கிக்கொள்ளலாம். சிலம்பம், வைத்தியம், கணக்கு, பாட்டு, பொய் சொல்லும் திறமை என்று எல்லாவற்றுக்கும் விலை வைத்திருந்தேன். இத்தனை விதமாக மாற்றிக்கொள்ள இடம் தரும் ஆட்டம் வேறு எங்கும் இருக்காது என்பது என் எண்ணம். ஓர் ஆளைச் செய்து முடிக்க ஒரு மதியம் முழுதும் போய்விடும். அதையும் பெருமையாகவே நினைத்தேன்.

ஆட்டக்காரர்களில் ஒருவர் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். ஊக்கு குத்திய செருப்புக்காரர் அவர். வண்ணார்பேட்டையில் ஆற்றை ஒட்டிப் பிறந்தவர். ஒரு ஞாயிறு ஆட்டத்தில் அவருடைய பாத்திரமான வைத்தியர் அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது.

"ஆத்துல எறங்கிப் போறேன்."

"நீச்சல் வாங்கியிருக்கீரா?" என்றேன்.

"நீச்சல எதுக்குவே வாங்கணும்? தண்ணி கெடக்கு, நீந்துதேன்."

"எட்டுப் புள்ளி. நீரு வாங்கல. முங்கிட்டீரு."

"ஆத்தங்கரைல பொறந்தவன் முங்குவானாவே? உம்ம விதியத் தூக்கி ஆத்துல போடும். அதுக்காவது நீச்சல் வாங்கிக் குடுத்தீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். விதி விதிதான் என்றேன். அவர் மறுபடியும் அறுபது புள்ளியை வைத்துக்கொண்டு புது ஆள் செய்ய உட்கார்ந்தார். அந்த ஆட்டத்தில் இப்படி முங்கிய ஆட்கள் அவருடைய வைத்தியரோடு சேர்த்து நான்கு.

அன்று சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. தபால் அலுவலகத்தில் எழுத்தர், எங்கள் பேச்சில் 'தபால்காரர்', சேரன்மகாதேவிக்காரர், என்னைவிட இளையவர். சில வாரம் வந்து ஆடினார், அதிகம் பேசமாட்டார். பிறகு ஒருநாள், "அண்ணாச்சி, நானும் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். தாராளமாக, என்றேன். யாரும் போகமாட்டார்கள் என்று நினைத்ததால் தாராளமாக வந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் என் அறைக்கு ஒருவரும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறுதான் கொக்கிரகுளத்தில் அவர் ஆட்டம் நடத்தும் மாடி அறைக்குப் போனேன். என் மூன்று பேரையும் திருப்பிக் கூட்டிவருவதற்காகப் போனேன். தோள்பையில் என் விதி நோட்டு இருந்தது.

மேலே, பாயில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவருகே நின்றேன். எனக்குப் பின்னாலேயே கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார், முதல்முறை ஆட வருகிறவர். அவரிடம் தபால்காரர் டீக்கடையில் கேட்பதுபோலக் கேட்டார்:

"சாதாவா, மாத்தணுமா?"

"சாதாவே குடுங்க."

ஒற்றைத் தாள் ஒன்று கைமாறியது. எட்டிப் படித்தேன். கையில் கம்பு. தோளில் துண்டு. மடியில் வெற்றிலை பாக்கு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு சித்தி உண்டு. நீச்சல் தெரியும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நீங்கள் இந்த ஆள்தான். ஆட்டத்தின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்று எழுதிக்கொள்ளலாம்.

அவ்வளவுதான் விதி. இரண்டு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. அதைக் கண்டதில் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

மாணவருடைய டீ ஆறுவதற்குள் அவர் ஆற்றில் இருந்தார். மருந்துக்கடைக்காரர் 'வெற்றிலை பாக்கு' என்பதை அடித்துவிட்டு 'உடும்பு' என்று எழுதினார்.

"மடியில உடும்பாவே?" என்றார் காயல்பட்டினத்து நண்பர்.

"சொவர் ஏறணும்லா. வால்ல கயிறு கட்டி மேல ஏத்தி விடுதேன், பாரும்."

அந்த அறையே சிரிப்பில் குலுங்கியது. என் நோட்டில் திறமைகள் பக்கம் பக்கமாக உண்டு. உடும்பு கிடையாது. என் மேசையில் இவர்கள் இப்படிச் சிரித்ததும் கிடையாது. எதையெல்லாம் மாற்றலாம் என்பதை ஒரு வருடம் உட்கார்ந்து யோசித்தவன் நான். யாரும் எதையும் மாற்றாமல் விட்டால் கையில் என்ன இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. என் தாளில் ஒருவர் வாய் திறக்காவிட்டால் அவரிடம் ஒன்றுமே இருக்காது. இந்தத் தபால்காரர் மட்டும் பெரிதாக யோசித்தாரா என்றால் அதுவும் இல்லை. தெரிந்ததை எழுதியிருந்தார். எனக்கு எரிந்தது அதில்தான்.

இடைவேளையில் அவரிடம் கேட்டேன். "நீச்சலை ஏன் எல்லாருக்கும் சும்மா கொடுத்துட்டீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, நீச்சல் தெரியாத ஆளும் உண்டுமா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"இவருக்குத் தெரியாதுல்லா," என்றார் மருந்துக்கடைக்காரர். "இவருக்கு ராதாபுரம். பனங்காடு. அங்கன எங்க ஆறு?"

"ஓகோ, அதான் நம்மள வரிசையா முக்குனாராக்கும்!" என்றார் காயல்பட்டினத்து நண்பர்.

எங்கள் ஊரில் குளம் பெருகிய வருடங்களை மறக்கமாட்டார்கள், அவ்வளவு குறைவு அவை. தண்ணீரை நாங்கள் கிணற்றில் எட்டிப் பார்த்தோம், கயிறு கட்டி இறைத்தோம். அதில் இறங்கிக் கைகால் அடிக்கலாம் என்று தெரிந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் யாரும் இல்லை. நீச்சலுக்கு நான் எட்டுப் புள்ளி வைத்தது குறைவு என்றுகூட ஒரு சமயம் நினைத்ததுண்டு. ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஆற்றை வைத்து ஆட்டம் எழுதும்போது, அவர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இவர்களுக்குத் தொட்டிலோடு வந்ததை நான் விலைக்கு விற்றிருக்கிறேன்.

பையிலிருந்து நோட்டை எடுக்கவில்லை. ஐந்தரை மணிக்கு மறுபடி ஆட்டம் தொடங்கியபோது மருந்துக்கடைக்காரர் நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

"நிக்காதயும், உக்காரும்வே. சாதாவா, மாத்தணுமா?"

"மாத்தணும்," என்றேன்.

தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். 'நீச்சல் தெரியும்' என்ற வரியை, அலுவலகத்தில் அடிப்பதுபோல, ஒரே நேர்க்கோடாக அடித்தேன். அந்த இடத்தில் 'பனை ஏறத் தெரியும்' என்று எழுதினேன். தபால்காரர் வாங்கிப் படித்தார். "நல்லாருக்கு அண்ணாச்சி. அந்த வரிய இதுவரைக்கும் யாரும் மாத்தல," என்றார்.

இருட்டும்வரை ஆடினோம். ஆற்றை இரண்டு முறை கடக்க வேண்டியிருந்தது. இரண்டு முறையும் மருந்துக்கடைக்காரரின் ஆள் என் ஆளைத் துண்டில் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தினார். உடும்பு என் தலைமேல் உட்கார்ந்து வந்தது.

அன்றைய கதையில் பனைமரம் எங்கும் வரவில்லை.