அலமுவும் நீலக்கறை வெள்ளரியும்

அலமு அம்மாவுக்குக் காய் விற்பதைவிடக் கல்லுடைக்கப் போகலாம். வெண்டைக்காயின் நுனியை உடைத்துப் பார்ப்பார். முருங்கையை முறுக்கிப் பார்ப்பார். வெங்காயத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, "பாய், இது இந்தக் கப்பல்ல வந்ததா, போன கப்பல்லயா?" என்று கடையில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்பார். போன கப்பல் சரக்கென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்ற பத்துப் பேருக்கும் தெரியட்டும் என்றுதான் கேட்பார்.

நான் ஜெய்னுதீன். தொண்டிப் பக்கத்துக்காரன். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குறைச்சல். இதை என் மனைவி மஸூதா நிக்காஹ் ஆன மறு வாரமே கண்டுபிடித்துவிட்டாள். அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தை அலமு அம்மா எப்படிச் சரி செய்தார் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

அவர் 1966இல் பாலசுப்பிரமணியம் சாருக்கு வாழ்க்கைப்பட்டுத் திருச்சியிலிருந்து வந்தவர். கப்பலில் நாலு நாளும் வாந்தி. இறங்கியதும் முதலில் கேட்டது, "இங்க மார்க்கெட் எந்தப் பக்கம்?" அவர்களுக்கு ஃபீனிக்ஸ் பே துறைக்கு மேலே, சரிவில் குவார்ட்டர்ஸ். சார் உணவு இன்ஸ்பெக்டர். பாலில் தண்ணீர், மிளகாய்த்தூளில் செங்கல், டீத்தூளில் மரத்தூள் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். சட்டப் புத்தகத்தில் இல்லாத வார்த்தை அவர் வாயில் வராது. அலமு அம்மா அப்படியே எதிர். ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இரண்டு தடவையும் பத்து நாள் கழித்துப் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, கத்தரிக்காயில் புழு இருக்கிறதென்று என்னோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையை நான் வேண்டுமென்றே தோற்றேன்.

1972 ஜனவரியில் நடந்தது இது. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட சிவஞானம் என்பவருக்கு சௌல்தாரி மேட்டில் கொஞ்சம் நிலம் ஒதுக்கியிருந்தார்கள். விளைவித்துக் காட்டாவிட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. அவர் வெள்ளரி போட்டார். அந்த வருஷம் எல்லோருடைய கொடியும் பூஞ்சை பிடித்து இலை கருகிப் போக, அவர் கொடி மட்டும் பச்சையாக நின்றது. காலை முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து, என் கடைக்கு நேர் எதிரே உட்கார்ந்து விற்பார். என் கடை வெள்ளரியை ஆடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

ஒருநாள் வாழைத்தார் பேச சௌல்தாரி போனவன், அவர் ஒரு பீப்பாயில் நீலமாக எதையோ கரைப்பதைப் பார்த்தேன். மயில்துத்தம். நம் ஊரில் மயில்துத்தம் என்றால் வாழ்க்கை வெறுத்தவர்கள் கரைத்துக் குடிப்பது. மறுநாள் அவர் கூடையில் ஒரு காயை எடுத்துப் பார்த்தேன். தோலில் திட்டுத் திட்டாக வெளிர்நீலக் கறை. கடை வாசலில் நின்று முழுத் தொண்டையில் கத்தினேன்: "நீலா தோதா! சப்ஜி மே ஜஹர் ஹை!" மயில்துத்தம், காயில் விஷம் என்று ஹிந்தியில் கத்தினால்தான் வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் புரியும். புரிந்தது. கால் மணி நேரத்தில் பஜாரே கூடிவிட்டது.

பாலசுப்பிரமணியம் சார் வந்தார். சிவஞானம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஐயா, தோட்டத்துல தேயிலைக்கே இதத்தாங்க அடிச்சோம். சுண்ணாம்பு சேத்துட்டா அதோட காரம் அடங்கிருங்க. அடிச்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் பறிக்கிறேன். கழுவித் தின்னா ஒண்ணும் செய்யாதுங்க."

அவருக்கு ஹிந்தி தெரியாது. அவர் தமிழில் சொன்னதைக் கூட்டத்துக்கு ஹிந்தியில் சொல்லக்கூடியவனாக அங்கே நின்றவன் நான்தான். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

சார் மூன்று காயை எடுத்து சீல் வைத்தார். தீவில் பரிசோதனைக்கூடம் கிடையாது. சாம்பிள் கப்பலில் மெயின்லேண்ட் போய், பதிலும் கப்பலில்தான் வர வேண்டும். அதுவரை வெள்ளரிக்காய் காத்திருக்காது. கூட்டமும் காத்திருக்கவில்லை. கத்தின கத்தலில் சார் பணிந்துவிட்டார். மீதியை அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நாலு கூடை வெள்ளரியை ஃபீனிக்ஸ் பே துறையில் கடலில் கொட்டினார்கள். வெள்ளரி மிதக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாலை கடல் ஏறியதும் அத்தனையும் கரைக்கே திரும்பி வந்துவிட்டது. ஒரு கான்ட்ராக்டரின் ஆடு வயிறு முட்டத் தின்றது. மறுநாளும் அது துள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஆடு எதைத் தின்றாலும் செரிக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு சிவஞானத்தின் காயை ஒருவரும் தொடவில்லை. இரண்டாம் விதைப்பு காய்க்க ஆரம்பித்திருந்தது. மருந்து அடிக்காவிட்டால் கொடி போய்விடும். அடித்தால் கறை வரும், கறையைக் கண்டால் ஜனம் ஓடும். தினமும் கொண்டு வருவார், தினமும் அப்படியே திருப்பிக்கொண்டு போவார். இந்தப் பருவம் போனால் நிலம் போகும். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் மாதம் சாம்பிளின் முடிவு வந்தது. மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம்; காயில் அது சட்டம் சொன்ன அளவுக்கு வெகு கீழே. ஆனால் அதை வெளியில் சொல்ல சாருக்கு உரிமை இல்லை. மேலதிகாரி யோசித்தாராம்: ஒரு காய்க்கு மட்டும் சொன்னால் போதுமா? தாமிரம், கந்தகம் மாதிரி ஆபத்துக் குறைந்த பூஞ்சை மருந்துகள் எவை, காயில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம், தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து முறையான உத்தரவு போட வேண்டாமா? நியாயமான யோசனைதான். ஃபைல் கப்பலேறியது. உத்தரவு வரும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒருநாள் காலை அலமு அம்மா, எட்டு மாத வயிற்றோடு, குடையை ஊன்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பின்னால் தலையில் கூடையோடு சிவஞானம்.

"பாய், இந்தக் கூடைய உங்க கடையில வெச்சு வித்துக் குடுங்க."

"என் கடையிலயா?"

"கத்தினது உங்க கடை வாசல்லதானே? இங்கயே விக்கட்டும்."

"அம்மா, சார் ஆர்டர் குடுத்துட்டாரா?"

"ஆர்டரெல்லாம் எனக்குத் தெரியாது. என் ஆபீசு அடுப்படி, அவர் ஆபீசு வேற. நேத்து அவர் சாப்பிடாம உக்காந்திருந்தார். பையில ஒரு கடிதாசு. அதை நான் கேக்கலை. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நம்ம வீட்டுக்கு அந்த வெள்ளரிக்காய வாங்கலாமான்னு. வாங்கலாம், நல்லா கழுவிட்டு சாப்பிடணும்னார். புருஷன் பெண்டாட்டிகிட்ட சமையல் பேசறதுக்கு எந்த கவர்ன்மென்ட்ல தடை போட்டிருக்கு? தண்ணி குடுங்க."

செம்பில் ஊற்றினேன். ஒரு காயை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நீலம் போய்ப் பச்சைத் தோல் பளிச்சென்று தெரிந்தது. எதிர் வரிசைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு வங்காளிப் பெண்கள் நின்றார்கள். அவர் உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டார். கொடுத்தேன். கடித்து, மென்று, என்னைப் பார்த்து, "உப்பு கல்லு கல்லா இருக்கு பாய். சலிச்சு வைக்க மாட்டீங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினேன். "அம்மா, வயித்துல புள்ள இருக்கு. அல்லா காப்பாத்தணும், ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பழி இந்தக் காய் மேலதான் விழும். அந்த மனுஷன உயிரோட விட மாட்டாங்க."

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "ரெண்டு தடவை போச்சே, அப்ப இந்த வெள்ளரிக்காய் தீவுலயே இல்ல, பாய்."

சிவஞானம் தலையைக் குனிந்துகொண்டார். வங்காளிப் பெண் ஒருத்தி, இன்ஸ்பெக்டர் வீட்டு அம்மா என்ன சொல்கிறார் என்று ஹிந்தியில் என்னிடம் கேட்டாள். அலமு அம்மா என் பக்கம் கையை நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. அன்னிக்குக் கத்தின அதே தொண்டையில சொல்லுங்க."

சொன்னேன். அன்றைக்கு சிவஞானம் சொன்னது எல்லாவற்றையும், ஒரு வார்த்தை விடாமல், ஹிந்தியில் சொன்னேன். சுண்ணாம்பு, ஒரு வாரம், கழுவுவது, எல்லாம். "தோ கர் காவோ, குச் நஹீ ஹோகா." கழுவித் தின்னுங்கள், ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம் தாமதமாகச் சொன்ன சாட்சி. அந்தப் பெண் இரண்டு காய் வாங்கினாள். அவ்வளவுதான் அன்றைய விற்பனை.

மறுநாள் சார் வழக்கமான சோதனைக்கு வந்தார். கூடையைப் பார்த்தார். "சாம்பிள் எடுக்கணுமா சார்?" என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார். பக்கத்தில் நான் வைத்திருந்த வாளியைப் பார்த்தார். "கழுவற தண்ணியா?" "ஆமா சார்." "அடிக்கடி மாத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரால் அவ்வளவுதான் சொல்ல முடியும். அவ்வளவையும் சொல்லிவிட்டார்.

அலமு அம்மா தினமும் வந்தார். வெயிலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மேடும் பள்ளமும் நடந்து வந்து, எல்லோரும் பார்க்கக் கழுவி, பையில் மூடாமல் கம்பிக் கூடையில் வெளியே தெரிய எடுத்துக்கொண்டு போனார். கொஞ்சம் பேர் வாங்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் நாள் எண்ணினார்கள். "டெலிவரி ஹோனே தோ," பிரசவம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஒரு பெண்ணின் வயிற்றைப் பரிசோதனைக்கூடமாக ஆக்கிவிட்டோமே என்று மஸூதா என்னைத் திட்டினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் கடைசியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் கடையை அடைத்துவிட்டுப் போனேன். எனக்கு முன்னால் சிவஞானம் அங்கே இருந்தார். முதல் பஸ்ஸில் வந்தவர், வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சார் ஒரு பக்கம், சிவஞானம் ஒரு பக்கம், நடுவில் நான். பகல் இரண்டு மணிக்கு உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டது. நர்ஸ் வந்து, பெண் குழந்தை, இருவரும் நலம் என்றாள். சிவஞானம் அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாந்தான் கத்தினேன். மன்னிச்சுக்குங்க," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்குள் கூடை காலி. அந்தப் பருவம் முழுக்க சிவஞானத்தின் காய் என் கடையில் விற்காமல் நின்றதில்லை. நிலம் அவர் கையிலேயே இருக்கிறது. ஜூலையில், தீவே மழையில் ஊறிக்கிடக்கும்போது, உத்தரவு வந்தது. எந்த மருந்து, எவ்வளவு மிச்சம், எத்தனை நாள் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. நல்ல உத்தரவு. மார்க்கெட் சுவரில் ஒட்டினார்கள். அப்போது கொடியில் ஒரு வெள்ளரிகூட இல்லை.

இப்போது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. அலமு அம்மா இன்னும் வெங்காயத்தை முகர்ந்துதான் வாங்குகிறார். போன வாரம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன். "அம்மா, அன்னிக்கு உங்களுக்குப் பயமே இல்லையா?"

"பயமில்லாம? இங்க எல்லார் முன்னாடியும் சிரிச்சிட்டு நிப்பேன். வீட்டுக்குப் போய்த் திரும்பவும் கழுவுவேன். அவர் சொன்னது காகிதத்துல இருக்கற கணக்கு. வயிறு என்னுதுதானே, பாய்?"

"அப்புறம் எப்படிம்மா?"

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "காயைக் கடல்ல கொட்டின அன்னிக்குச் சாயங்காலம், எங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தேன். அலை தள்ளிக்கிட்டு வந்த காயெல்லாம் அந்த மனுஷர் முட்டளவு தண்ணியில இறங்கி வேட்டியில பொறுக்கிட்டிருந்தார். கீழ போய், எதுக்குன்னு கேட்டேன். வீட்டுல புள்ளைங்க மூணு இருக்குது, தின்னுமுங்கன்னார். அவர் புள்ளைங்க தின்ன காய என் புள்ள தின்னக்கூடாதா?"

பிறகு வெங்காயத்தை எடுத்து மறுபடியும் முகர்ந்தார். நான் நல்லதாகப் பொறுக்கிப் போட்டேன்.