ஏழாவது ஃபாரம்

என் மேசை இழுப்பறையில் ஒரு வெற்றுத் தாள் இருக்கிறது. பெரிய தாள்தான், மடிக்கு மேல் மடியாக மடித்து, ஓரம் வெட்டாமல், ஒரு சின்னப் புத்தகம் அளவுக்கு இருக்கும். அச்சுத் தொழிலில் இதை ஃபாரம் என்போம். ஒரு ஃபாரத்தில் பதினாறு பக்கம். அப்படிப் பல ஃபாரங்களை அடுக்கித் தைத்தால் புத்தகம். இந்த ஃபாரத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. போன வாரம் என் மகள் கணக்குப் போட்டுப் பார்க்க அதை எடுத்துவிட்டாள். அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி உள்ளே வைத்தேன். "இதுல என்னம்மா இருக்கு?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். "அப்புறம் ஏன் புடுங்குற?"  அதற்குப் பதில் தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தாளைக் கொடுத்தவர் என் முதலாளி. முதலாளி என்றவுடன் பெரிய நிறுவனம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருச்சி பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே, ஒரே அறை. அதில் அவர், நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். அவர்கள் குடும்பம் பாலக்கரைப் பக்கம் தலைமுறையாக மரவாடி வைத்து மரம் விற்ற குடும்பம். சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டபோது இவர் தன் பங்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வேறு யாராவது என்றால் சமயபுரத்தில் ஒரு லாட்ஜ் கட்டியிருப்பார்கள். இவரோ மரங்களைப் பற்றியும் மரக்கப்பல் கட்டுவதைப் பற்றியும் வந்த, எங்கேயும் கிடைக்காமல் போன பழைய புத்தகங்களைத் தேடிப் பிடித்து மறுபதிப்புப் போட ஆரம்பித்தார். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் கையைக் காட்டத் தெரியாத ஊரில் கப்பல் புத்தகம். காவிரியில் தண்ணீர் வரும் ஒவ்வொரு வருஷமும் பாத்திரக் கடைக்காரர் விடாமல் கேட்பார்: "என்ன பாய், தண்ணி தொறந்துட்டாங்களாம். கப்பல எறக்கிர வேண்டியதுதானே?" முதலாளி மாடிப்படியில் நின்று, "பெயிண்ட் காயல" என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிடுவார்.

நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். என் வேலை, பழைய புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, கறையையும் பூச்சி அரித்த தடத்தையும் கம்ப்யூட்டரில் துடைத்து, எழுத்தை மட்டும் அப்படியே விடுவது. அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. எதையும் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அப்பட்டமான அச்சுப்பிழையைக்கூடத் தொட விடமாட்டார். மற்றபடி கோபமே வராது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மேசையை விரலால் தட்டிப் பார்த்து, இது வேங்கை, இது வாகை என்பார். அப்புறம்தான் வீட்டுக்காரரை நலம் விசாரிப்பார். எனக்குப் பொறுமை கிடையாது. எப்போது அச்சுக்குப் போகும் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பேன். அதற்கு அவரிடம் ஒரே பதில்தான். "அவசரப்படாதீங்கம்மா. கப்பல் இன்னும் கரையிலதான் நிக்குது."

கடைசியாக நாங்கள் எடுத்தது, நாகப்பட்டினத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அவருக்குக் கிடைத்த புத்தகம். அட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, எழுதியவர் யாரென்றும் தெரியவில்லை. கப்பல் புத்தகம் என்றே சொல்லிக்கொண்டோம். பாய்மரத்துக்குப் புன்னை, பலகைக்கு இலுப்பை, வளைந்த விலா எலும்புகளுக்கு இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கிளைகள் என்று, எந்த மரத்தை எப்போது வெட்டி எவ்வளவு காலம் காயவைக்க வேண்டும் என்பது முதல் எல்லாம் அதில் இருந்தது. துடைத்துத் துடைத்து எனக்கே ஒரு தோணி கட்டிவிடலாம் போலிருந்தது. தொண்ணூற்றாறாம் பக்கத்தில் கப்பல் தயாராகிவிடுகிறது. பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து, எண்ணெய் பூசி, கரையில் முட்டுக் கொடுத்து நிற்கிறது. இனி அதைத் தண்ணீரில் இறக்கும் முறையைச் சொல்வதாக எழுதியவர் வாக்குக் கொடுக்கிறார். பக்கத்தைப் புரட்டினால் நூற்றுப்பதின்மூன்று. அங்கே கப்பல் கடலுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் சரியாக ஒரு ஃபாரம், ஏழாவது ஃபாரம், இல்லை. கிழிந்த தடமும் இல்லை.

அதுவரை நிம்மதியாக இருந்த மனிதரை அந்தப் பதினாறு பக்கம் ஆட்டி வைத்துவிட்டது. மனைவி போனதிலிருந்து துபாயில் இருக்கும் மகன் அவரைத் தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டை விற்கப் பேசியும் முடித்தாயிற்று. இந்தப் புத்தகம்தான் கடைசி, இதை முழுசாகப் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறேன் என்று மகனுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது புத்தகம் முழுசாக இல்லை. நூலகங்களுக்கு எழுதினார், கடலோர ஊர்களுக்கு ஆள் விட்டார். மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு எனக்கே போன் போட்டான். "அக்கா, நெசமாவே அந்தப் பக்கம் கெடைக்கலையா, இல்ல அத்தாவுக்கு வர மனசில்லையா?" எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தேடுகிறவர் முகத்தில் கவலை இருக்க வேண்டும் அல்லவா? இவரோ இன்ன ஊரில் இல்லையாம் என்று தகவல் வரும் நாட்களில் ஒரு டீ கூடுதலாகக் குடித்தார். மகனிடம் எதைச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை, தம்பி என்றேன்.

அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதி என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எனக்குப் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்த டீச்சர் இருக்கிறார். அவருடைய கணவர் பழைய புத்தகம் சேர்த்து வைத்திருந்தவர். பேச்சுவாக்கில் கப்பல் புத்தகத்தைச் சொன்னபோது, டீச்சர் எழுந்து போய் பூஜை அறைக் கதவைத் திறந்து காட்டினார். பலகை மேல் பட்டுத் துணி போர்த்திய புத்தக அடுக்கு. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கி வைத்தால் அன்று படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை செய்து, அடுக்கைப் பிரித்து, எடுத்த புத்தகத்தில் நாலு வரியாவது வாசிக்க வேண்டும். இது எங்கள் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். சில வருஷங்களுக்கு முன் அந்தக் கப்பல் புத்தகத்தை அடுக்கின் உச்சியில் வைத்துப் பூஜை செய்தவர், விடியும்போது இல்லை. தீட்டு வந்துவிட்டதால் புனர்பூஜை நடக்கவில்லை. தீட்டுக் கழிந்த பிறகும் டீச்சர் அடுக்கைத் தொடவில்லை. "அவர் வெச்சது. நான் எப்படிடீ எடுப்பேன்?" என்றார்.

முதலாளியிடம் ஓடினேன். நியாயமாக அவர் துள்ளியிருக்க வேண்டும். அந்த அம்மாவாக எடுக்கிறபோது எடுக்கட்டும், நீங்கள் போய் அவசரப்படுத்தக் கூடாது என்று மட்டும் சொன்னார். மகன் போனில் கத்தினான். வீட்டை வாங்குகிறவர் சலித்துப்போய் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அடுத்த விஜயதசமி வந்தது. அன்று காலை டீச்சரே என்னைக் கூப்பிட்டு, உங்க முதலாளியை அழைச்சிண்டு வா என்றார்.

வெளுத்த சட்டையும் வேட்டியுமாக வந்தவர் வாசலில் செருப்பை விட்டு, கைகால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். நாற்காலியைத் தட்டிப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்தது, பதற்றமாக இருக்கிறார் என்று. டீச்சர் புனர்பூஜை முடித்து, பட்டுத் துணியோடு புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "நீங்களே பிரிச்சுடுங்கோ. எனக்குக் கை வரமாட்டேங்கறது." அவர் உதட்டுக்குள் பிஸ்மில்லா சொன்னது எனக்கே கேட்டது, டீச்சருக்கும் கேட்டிருக்கும். துணியை விலக்கி, டீச்சருக்காக முதல் பக்கத்தில் நாலு வரி உரக்க வாசித்தார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் அவர் மெதுவாகப் புரட்டிக்கொண்டே போனார். தொண்ணூற்றாறு. அடுத்து, நூற்றுப்பதின்மூன்று.

அந்த முகத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றமா, நிம்மதியா, இரண்டும் இல்லாத வேறொன்றா? என்னால் சொல்ல முடியவில்லை. தையல் கட்டுக்கோப்பாக இருந்தது. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதியிலும் ஒரே ஃபாரம் எப்படி இல்லாமல் போகும்?

பஸ்ஸில் திரும்பும்போது, இப்படியே அச்சடித்துவிடலாம் என்றார். ஆனால் ஏழாவது ஃபாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்று ஃபாரத்தை வைத்துத் தைக்க வேண்டும். இல்லாததை இல்லையென்று காட்டாவிட்டால் அதுவும் பொய்தான் என்று வாதம் வேறு. சேர்க்கவும் கூடாது எடுக்கவும் கூடாது என்ற ஆளா இப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். வெற்றுத் தாள் எப்படிச் சேர்த்ததாகும் என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தலை சுற்றியது. சரி என்றேன்.

எங்கள் பைண்டர் கைசுத்தமானவர். அச்சான ஃபாரங்களோடு மடித்த வெற்று ஃபாரங்களும் அவரிடம் போயின. விவரம் சொல்லித்தான் அனுப்பினோம். கொண்டுபோன ஆட்டோக்காரர் சொன்னாரா இல்லையா, யாருக்குத் தெரியும்? புத்தகக் கட்டுகள் அழகாகத் தைத்து, ஓரம் வெட்டி வந்து இறங்கின. கூடவே தனியாக ஒரு கட்டு. பைண்டர் பெருமையாகச் சொன்னார்: "வெத்துத் தாளு நெறைய கலந்திருந்துச்சு பாய். வச்சுத் தச்சா உங்க பேரும் கெட்டுப்போகும், என் பேரும் கெட்டுப்போகும். எல்லாத்தையும் உருவிட்டேன். ஒண்ணுகூடச் சேதமாகல, பாருங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதலாளி ஒரு பிரதியைப் பிரித்தார். தொண்ணூற்றாறு, நூற்றுப்பதின்மூன்று. பழைய இரண்டு பிரதிகளையும் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. பிரதியை மூடிவிட்டு, "அப்ப, அன்னைக்கும் ஒரு நல்ல பைண்டர் இருந்திருப்பாரோ?" என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. எழுதியவரே அந்தப் பதினாறு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தால்? வாக்குக் கொடுத்துவிட்டு, சொல்ல முடியாமல் விட்டிருந்தால்? அல்லது எழுதியிருந்து, அச்சகத்தில் தொலைந்திருந்தால்? முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, மகனுக்குப் போன் போட்டு, டிக்கெட் எடுக்கச் சொன்னார். தேடுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்றா, புத்தகம் முழுசாகிவிட்டது என்றா, எதற்காகக் கிளம்பினார்? கேட்டிருக்கலாம். ஏர்போர்ட் வாசலில் அவர் பையிலிருந்து ஒரு வெற்று ஃபாரத்தை எடுத்து, வச்சுக்கங்கம்மா என்று நீட்டியபோது, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

துபாயிலிருந்து அவ்வப்போது வாய்ஸ் மெசேஜ் வரும். அங்கே பக்கத்தில் இன்னும் மரக்கப்பல் கட்டுகிறார்களாம். ஒருநாள் மகன் அவரை ஒரு கப்பலை இறக்குவதைப் பார்க்க அழைத்துப் போனானாம். "ரெண்டு மணி நேரம் கண்ணு இமைக்காம நின்னேம்மா. வெயிலு தாங்கல. மகன் தண்ணி பாட்டில நீட்டுனான். திரும்பி வாங்கினேன். மறுபடி பாக்குறேன், கப்பல் தண்ணியில நிக்குது." அதற்குப் பிறகு சிரிப்பு, சிரிப்பு முடிந்து இருமல். பாத்திரக் கடைக்காரருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் மகன் கூப்பிட்டான். "ராத்திரி நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க அக்கா. விடியக்காலம் ஃபஜ்ரு தொழுகைக்கு எழுப்பப் போனா இல்ல. நடுவுல என்ன ஆச்சுன்னே தெரியலக்கா." அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். நானும் அழுதேன். அழுகைக்கு நடுவே, தொண்ணூற்றாறு, நூற்றுப்பதின்மூன்று என்று மனசு தானாகச் சொல்லிக்கொண்டது.

பூஜைக்கு மகளின் பாடப்புத்தகங்களை அடுக்கும்போது, இழுப்பறையிலிருந்து அந்த ஃபாரத்தையும் எடுத்து உச்சியில் வைத்தேன். மகள் பார்த்தாள், இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை புனர்பூஜை முடித்து அடுக்கைப் பிரித்தேன். முதலில் கைக்கு வந்தது அதுதான். எடுத்ததில் நாலு வரியாவது வாசிக்க வேண்டுமே. மடிப்பை ஒவ்வொன்றாக விரித்தேன். மகள் பக்கத்தில் வந்து, "வாசிம்மா" என்றாள்.

"கப்பல் இன்னும் கரையிலதான் நிக்குது" என்று வாசித்தேன்.