தாமரை ஆன்டியின் இரண்டாவது தலையணை

தாமரை ஆன்டியை நான் முதலில் சந்தித்தது மலேசியாவின் கிள்ளானில், அவர் படுக்கையறைக்கு ஏர்கோன் மாட்ட அளவெடுக்கப் போனபோது. அறை சிறியது. எங்கள் தோட்டத் தொழிலாளர் வீட்டின் முதல் பட்டதாரி நான், அதுவும் எஞ்சினியர். கணக்குப் போடாமல் சொல்வேனா?

"எத்தன பேரு படுப்பீங்க, ஆன்டி?"

"ரெண்டு பேரு. அங்கிளுக்கு ரொம்ப வேர்க்கும் லா."

ஒரு ஹார்ஸ்பவர் போதும் என்றேன். ஒன்றரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"பெரிசு சட்டுன்னு குளிராக்கிட்டு நின்னுடும், ஆன்டி. ஈரத்த இழுக்காது."

கேட்கவில்லை. மறுநாள் மாட்டி முடித்து வெளியே வந்தபோதுதான், கூடத்தில் மாலை போட்ட அங்கிளின் படத்தைப் பார்த்தேன்.

அடுத்த மாதம், வந்து பார் என்று கூப்பிட்டார். கட்டிலில் இரண்டு தலையணைகள். அவருடையது காய்ந்திருந்தது. சுவரோரம் இருந்ததைத் தொட்டதும் கை ஈரமானது.

"பாத்தியா தம்பி? இன்னும் வேர்க்குது அவருக்கு."

"அது ரூம் ஈரம், ஆன்டி. சின்னதா மாத்தித் தரேன், காஞ்சிடும்."

"காஞ்சிடுமா?" அந்தத் தலையணையைத் தடவிக் கொடுத்தார். "அப்ப வேணாம் லா."

அது மட்டும் ஏன் நனைகிறது என்பதற்கு என் படிப்பில் விடை இல்லை.

தாமரை ஆன்டி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஏர்கோனை மாற்றவில்லை.