ஊசி போதும் என்று எழுதிக் கொடுத்தேன்

குவாரியை விட்டு இறங்கிக் குளத்தூர் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு கைலி, ஒரு சட்டை. பின்னால் மேஸ்திரி கத்துவது கேட்டது. "ஏய், ஒரு பக்கம் எழுதிக் குடுக்கிறதுக்கு என்னடா கேடு ஒனக்கு?" நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கீழே குனிந்திருப்பேன். அந்த இடத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை.

அவர் எழுதச் சொன்னது கம்ப்ரசர் அண்ணனைப் பற்றி. வேலைக்கு வருவதற்கு முன்பே தனக்கு நெஞ்சுக்கோளாறு இருந்ததாக அண்ணனே சொல்வதுபோல ஒரு கடிதம். யாரும் பின்னால் கேள்வி கேட்டுவிடக்கூடாது அல்லவா. என்னிடம் கேட்டதில் அவருக்குக் கூச்சம் ஏதும் இல்லை. ஏற்கெனவே அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதியவன்தானே நான்.

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் ரப்பர் தோட்டம், லாரியில் கிளீனர் என்று சுற்றி, கடைசியில் அந்தக் குவாரிக்கு வந்தேன். அண்ணன் அங்கே பாறையில் வெடிக்குழி போடுகிறவர். கம்ப்ரசர் காற்றில் ஓடும் துளைக்கருவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பார். குழியிலிருந்து தூசி மாவுபோல எழும்பும். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும். ஆனால் வேலை சுணங்கும் என்று மேஸ்திரி தண்ணீர் விடச் சம்மதிக்கமாட்டார். சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றுகொண்டு அண்ணன் சிரிப்பார். "இப்படியே வீட்டுக்குப் போனேன்னா ஒங்க மதினி என்னைய ஊத்திப் பணியாரம் சுட்டுருவாடா."

ஒரு நாள் அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. காய்ச்சல், வலப்பக்கம் குத்தல், நாலு எட்டு வைத்தால் மூச்சுத் திணறல். மேஸ்திரி தனக்குத் தெரிந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் ஏற்றிப்போனார். நானும் பின்னால் உட்கார்ந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார்கள். அண்ணனை மேசைமேல் கவிழ்ந்தாற்போல உட்காரவைத்து, முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே நீள ஊசியைச் செருகி உறிஞ்சினார்கள். நல்லெண்ணெய் நிறத்தில் வந்தது. "நெஞ்சுல ஏறி ஒக்காந்திருந்தவனை எறக்கிவிட்டாப்ல இருக்குடா" என்றார் அண்ணன். தானே நடந்து வெளியே வந்தார். மூன்றாம் நாள் கருவியைப் பிடித்தார்.

தண்ணீர் மறுபடி கோத்தது, மறுபடி ஊசி. அது ஏன் ஊறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. உறிஞ்சியதைச் சோதனைக்கு அனுப்பவுமில்லை, ஊற்றிவிட்டார்கள். இரண்டாம் முறை கலங்கி வந்தது. மூன்றாம் முறை ஊசி அடைத்துக்கொண்டது.

அதன்பிறகுதான் அண்ணனை அழைத்துக்கொண்டு மதினி, மேஸ்திரி, நான் மூவரும் புதுக்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். "தண்ணியா இருந்தவரைக்கும் ஊசி சரிதான். இப்ப சீழாயிருச்சு, கெட்டியா இருக்கு. ஊசியில வராது. குழாய் போட்டு வடியவிடணும், ரெண்டு வாரமாச்சும் படுக்கணும். தள்ளிப்போட்டா நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கிரும்."

குவாரியில் நாங்கள் தங்கியிருந்த ஷெட்டில், முன்பு இதே நோவு வந்தவர்களைப் பார்த்து ஊசிக்கும் குழாய்க்கும் நாங்களே ஒரு தீர்ப்பு வைத்திருந்தோம். ஊசி போட்டவன் பஸ் ஏறி வந்தான், குழாய் போட்டவன் வண்டியில் படுத்து வந்தான். அதனால் குழாய் ஆளைக் கொல்லும். முற்றிப்போனவனுக்குத்தான் குழாய் போட்டார்கள் என்பது எங்களில் ஒருவன் மண்டையிலும் ஏறவில்லை. மேஸ்திரி வராந்தாவில் அதையே பிடித்துக்கொண்டார். "கொழாயைச் சொருகுனா ஒடம்புத் தண்ணி மொத்தமும் வத்திப்போகும். ஊசியைப் போட்டமா, வேலைக்கு வந்தமான்னு இருக்கணும்." இரண்டு வாரம் கருவி சும்மா கிடக்குமே என்ற கவலை அவருக்கு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன், நானும் குழாய்க்குப் பயந்தவன்தான்.

மதினி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க நாலெழுத்துப் படிச்சவுக. எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க."

ஊசி என்றேன். குழாய் வேண்டாம், ஊசி போதும், எது நேர்ந்தாலும் எங்கள் பொறுப்பு என்று மேஸ்திரி சொல்ல நான் எழுதினேன். மதினி கைநாட்டு வைத்தார். டாக்டர் வாங்கிப் படித்தார். "எழுதத் தெரிஞ்ச நீங்களுமா?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணன் மறுபடி கருவியைப் பிடித்தார். மூன்று வாரம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் போனோம். மரத்துப்போக ஊசி போட்டு, அக்குளுக்குக் கீழே துளையிட்டு, சுண்டுவிரல் பருமனில் குழாய் வைத்தார்கள். குழாயின் மறுமுனை தரையில் இருந்த பாட்டிலில், தண்ணீருக்குள். அண்ணன் இருமும்போதெல்லாம் அதில் குமிழி வந்தது. கேப்பைக்கூழ்போலச் சீழ் இறங்கியது. அத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு அந்த மனுஷன் பாறையைத் துளைத்திருக்கிறார். காய்ச்சல் விட்டது. குழாய் அவரைக் கொல்லவில்லை. ஆனால் நுரையீரல் விரியவில்லை. ஆபரேஷனைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணனைப் பார்க்கப் போனேன். வலது தோள் இறங்கியிருந்தது. கொல்லைக்குப் போக நடுவில் ஒரு தரம் உட்கார்ந்தார். "நீ என்னடா பண்ணுவ, நானுந்தானே சரின்னேன்" என்றார். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினார். மதினி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். தம்பி என்று கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் மேஸ்திரி வெள்ளைத்தாளோடு வந்தார். நான் பையை எடுத்தேன்.

இன்றும் நினைத்தால் மேஸ்திரியைத் திட்டுவேன், தண்ணீரைக் கொட்டிக் காசு வாங்கிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியைத் திட்டுவேன். திட்டித் தீர்த்த பிறகும் அந்தக் கடிதம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அன்று கிடைத்த பஸ்களில் மாறி மாறி ஏறி ஜெகதாப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை ஒரு ஐஸ் கம்பெனி வாசலில் வேலை கேட்டு நின்றேன். மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுதப் படிக்கத் தெரியுமாப்பா? ஆபீசுல ஒரு ஆள் வேணும். நெழல்ல ஒக்காந்து பாக்குற வேலை."

"தெரியாதுங்க" என்றேன்.

"அப்ப அங்கிட்டுப் போ" என்று, ஐஸ் பாளம் இழுக்கும் இரும்புக் கொக்கியை நீட்டினார். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.