எங்கள் வீட்டுப் பிரெஞ்சுக்காரர்

புதிய தொலைபேசிப் புத்தகத்தில் எங்கள் பெயர் முதல் தடவையாக வந்த வருடம் அது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் அழைத்து, உங்கள் குடும்பப் பெயரை எப்படி உச்சரிப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிட்னி முழுவதிலும் அந்தப் பெயர் உள்ளவர்கள் தானும் நாங்களும் மட்டும்தான் என்றார். கணவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். குளிக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, புத்தகத்தில் எண்ணைத் தேடி அந்தப் பெண்மணியைத் திரும்ப அழைத்தார்.

என் கணவர் யாழ்ப்பாணத்துப் பறங்கியர், ஐரோப்பியர் வழிவந்த கலப்பினத்தவர். என்னைப் போலவே தமிழ் பேசுவார். அவர்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அவர்கள் வம்சத்தில் இலங்கைக்கு வந்த முதல் மனிதர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஹியூகனோ. அரசனின் மதத்துக்கு மாற மறுத்த புரட்டஸ்தாந்துக்காரர் என்பதால் பிரான்சை விட்டுத் தப்பி, ஒல்லாந்தில் ஒதுங்கி, அங்கிருந்து ஒல்லாந்தர் கப்பலில் வந்தவராம். நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை. எனக்குத் தெரிந்த பறங்கிக் குடும்பம் ஒன்றிலாவது முதல் மனிதர் சமையற்காரராகவோ சாதாரணச் சிப்பாயாகவோ இருந்ததில்லை.

அந்தக் கதைக்கு அத்தாட்சி தேடியவர் கணவரின் அண்ணன். அறுபதுகளில் ஆஸ்திரேலியாவுக்கு வருவதென்றால், உடம்பில் ஓடுவது பெரும்பாலும் ஐரோப்பிய இரத்தம் என்று காட்ட வேண்டும். அவர் தேவாலயப் பதிவேடுகளைத் துருவி, பிரெஞ்சுக்காரர் வரைக்கும் ஒரு வம்சாவளி தயாரித்துக் கொடுத்து, மெல்பர்ன் பக்கம் வெரிபீயில் வந்து குடியேறினார். நாங்கள் அந்த விதியெல்லாம் போன பிறகு, கணவரின் பொறியியல் படிப்பைக் காட்டி வந்தவர்கள். அண்ணன் எங்கள் கலியாணத்துக்கு வரவில்லை. தமிழ்ப் பெண் என்பதால் பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு, நாங்கள் இருந்த லிட்கமிலிருந்து ஹோம்புஷுக்கு ரயிலேறி அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருந்தார். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்தார். பிறகு, இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதுபோல் எங்களுக்குப் பின்னால் பார்த்தார். சாப்பாட்டு மேசை நிறைய ஒரு பெரிய தாளை விரித்து வைத்திருந்தார். அவருடைய முன்னோர் பிரான்சிலிருந்து லண்டனுக்கு ஓடிப்போய்ப் பட்டு நெய்தவர்களாம். ஒரு சகோதரர் மட்டும் ஒல்லாந்துக்குப் போனார், அவரைப் பற்றி அதன்பிறகு ஒன்றும் தெரியாது என்றார். என் கணவர் கதிரையின் நுனிக்கு வந்து, தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்.

அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டபோது அந்த அம்மாவின் கண் என் மேல்தான் இருந்தது. அந்த அம்மாவின் முன்னோர் எந்தக் கப்பலில் சிட்னிக்கு வந்தார்கள் என்று கணவர் சாதாரணமாகக் கேட்டார். அந்த அம்மா தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து மழையைப் பற்றிப் பேசினார். முன்னோர் கைதிகளாக வந்து இறங்கியதை மறைக்கும் குடும்பங்கள் அந்நாளில் இங்கே நிறைய இருந்தன. நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

விஷயத்தைச் சொல்லி, வம்சாவளியின் பிரதி ஒன்று வேண்டும் என்று கணவர் அண்ணனுக்கு எழுதினார். பிரதி வரவில்லை. அண்ணனே ரயிலேறி வந்துவிட்டார்.

"அவ ஆரெண்டு விசாரிச்சனீங்களோ? இமிகிரேஷன் ஆக்கள் இப்பிடித்தான் கதை குடுப்பினம்," என்றார், பெட்டியைக் கீழே வைக்குமுன்.

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையான கடதாசி வைத்திருக்கிறவர் இவ்வளவு தூரம் ஏன் பதற வேண்டும்? இரண்டு நாளும் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அண்ணன் என்னையே பார்த்தார். மூன்றாம் நாள் கணவர் வேலைக்குப் போன பிறகு, நான் குசினியில் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன்.

"அண்ணை, அந்தப் பேப்பரில என்ன பிழை?"

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஒரே தேவாலயம், ஒரே வருடம், ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். ஒரு பிள்ளையின் தகப்பன் அந்தப் பிரெஞ்சுக்காரர் வழி. மற்றப் பிள்ளைக்குத் தகப்பன் பெயரே இல்லை. தாய் ஒரு தமிழ்ப் பெண், அந்த வீட்டில் வேலை செய்தவள். எசமானின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள் போலும்.

"ரெண்டு பேரில ஆர் எங்கட பூட்டன் எண்டு ஆருக்கும் தெரியாது, தங்கச்சி. எனக்கு விசா தேவை. நான் வெள்ளைக்காரன்ர பிள்ளையை எடுத்தன்."

"அதாலதான் எங்கட கலியாணத்துக்கு வரேல்லையோ?"

"ஓம். அந்த மாசம்தான் எனக்கு இன்டர்வியூ. படத்தில உம்மட பக்கத்தில நிக்கப் பயமாயிருந்தது."

இத்தனை வருடம் அவர் என்னை இளக்காரமாக நினைத்தார் என்று நம்பி அவரை வெறுத்திருந்தேன். பயம் என்று தெரிந்ததும் வெறுப்பு போகவில்லை. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கட்லட்டைத் தட்டில் போட்டு அவர் முன் வைத்தேன். இதை நீங்களே தம்பிக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன்.

சாயங்காலம் சொன்னார். கணவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த மனுசியின்ர பேர் என்ன?"

அதை எழுதிக்கொள்ளவில்லை, மறந்துவிட்டது என்றார் அண்ணன். அப்போதுதான் கணவர் எழுந்து வெளியே போய் வாசற்படியில் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஹோம்புஷ் அம்மாவிடம் மறுநாள் அவரே தொலைபேசியில் உள்ளதைச் சொன்னார். அந்த அம்மா மரியாதையாக நன்றி சொன்னாராம். அதற்குப் பிறகு எங்களை அழைக்கவே இல்லை.

கணவர் தேடலை விடவில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரரைக் கைவிட்டார். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய், ஒல்லாந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய பதிவேட்டுப் பிரதிகளில் அந்தத் தாயைத் தேடினார். அகப்படவில்லை.

இரண்டு வருடம் கழித்து வெரிபீக்குப் போனபோது, தோட்டத்தில் தனியாக அகப்பட்ட அண்ணனிடம் அந்தப் பெயரை நான் மறுபடியும் கேட்டேன். அவர் குனிந்து தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்.

"மறந்துபோச்சு, தங்கச்சி," என்றார், நிமிராமலே.

அவர் எதையும் மறக்கிறவர் அல்ல. கை நிறையத் தக்காளியைத் தந்தார்; வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.