கோட்டோரம் ஓடிய மாமா

என் மாமா ஒரு மாதம் எங்கள் ஊரான புலாவ் செபாங்கிலேயே பெரிய மனிதராக இருந்தார். பெருமைக்குச் சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த கடை வரிசையில், மாடியே மறையும்படி அவருடைய படத்தைப் பேனராக அடித்துக் கட்டியிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடு நிற்கிற படம். காற்று வந்தால் மாமாவின் நெஞ்சு விம்மும். காற்று நின்றால் வயிறு ஒட்டிப்போகும். பள்ளிப் பேருந்து அந்த வழியாகத் திரும்பும்போதெல்லாம் நான் சன்னல் பக்கம் தாவி, அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி, பக்கத்திலிருந்த செம்பனை எண்ணெய் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் தோட்டத்துப் பையன்களோடு காற்பந்து. சுற்று வட்டாரத்தில் அவர் காலுக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. அம்மாவைக் கேட்டால் உலகம் முழுக்க இருந்தது என்பார்.

மலாக்கா டவுனில் ஒரு காற்பந்துக் குழு இருந்தது. பெரிய அரங்கம், பெரிய விளக்குகள், வரிசை வரிசையாக நாற்காலிகள். உட்காரத்தான் ஆளில்லை. ஆட்கள் நம்மிடம் வராவிட்டால் நாம் அவர்களிடம் போவோம் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்தப் பருவத்தில் தங்கள் சொந்த இடத்தில் ஆட வேண்டிய ஆட்டங்களில் சிலவற்றைச் சின்ன ஊர்களில் ஆடுவது என்று முடிவு செய்தார்கள். எங்கள் ஊர்த் திடலுக்கும் ஒன்று கிடைத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் மாமாவைக் கூப்பிட்டு, பதினேழாம் எண் போட்ட சட்டையைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

“தேடி வந்து கூட்டிக்கிட்டாங்கலா, சும்மாவா?” என்று அம்மா பசாரில் மீன்காரரிடம்கூடச் சொன்னார். மீன்காரர் சீனர். அவரும் “ஆமாலா, போஸ்டர் பாத்தேன், ஹேன்சம்லா” என்று தமிழிலேயே சொன்னதில், அன்றைக்கு வாங்க நினைத்ததைவிட அதிகமாகவே கெம்போங் மீன் வாங்கிவிட்டார்.

இதற்கிடையில் மாமாவுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெம்பானில் ஓர் அக்கா. அலோர் காஜாவில் நடந்த ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது மாமா அவரைப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ரசம் ஊற்றிய சோற்றிலேயே குழம்பையும் ஊற்றிக்கொண்டு, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டார். அம்மா விஷயத்தை விசாரித்து ஆள் அனுப்பினார். அக்காவுக்குச் சம்மதம்தான் என்று தெரிந்தது. அவருடைய அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. பெம்பானில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பந்தின் பின்னால் ஓடுகிறவனை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா என்று இழுத்துக்கொண்டே இருந்தார். ‘பார்க்கலாம்’ என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்தப் ‘பார்க்கலாம்’ எங்கள் வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது.

அம்மாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மாப்பிள்ளை பார்க்க வீட்டுக்கு வாருங்கள் என்று அழைப்பதுதான் ஊர் வழக்கம். அம்மா திடலுக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டார்.

அப்பாவுக்கு அது சரியாகப் படவில்லை. “அன்னிக்கின்னு பாத்து அவன் சரியா ஆடலன்னா என்னா செய்வ?”

“பேனரப் பாத்தீங்களா இல்லியா? ஆடாதவனுக்கு அவ்ளோ பெரிய படம் வெப்பாங்களா?”

மாமா இந்தப் பேச்சுக்குள் வரவே இல்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

ஆட்டத்தன்று காலையிலேயே டவுனிலிருந்து ஒரு லாரி வந்தது. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வேலி ஓரம் நின்று பார்த்தோம். கோல் வலைகள், மூலைக்கொடிகள், ஒலிபெருக்கிப் பெட்டிகள், முரசுகள், சுருட்டிவைத்த நீளநீளமான துணிகள் என்று இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு திடலைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டார். மாடு மேய்கிற எங்கள் திடல் மத்தியானத்துக்குள் வேறு ஊராக மாறிவிட்டது. ஒலிபெருக்கியில் ஒருவர் மலாயில், இன்றைக்கு இதுதான் எங்கள் வீடு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டை மொத்தமாக லாரியில் ஏற்றிக்கொண்டு வர முடியும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

சாயங்காலம் ஆனபோது வெயில் மஞ்சளாகித் திடலின் மேல் இறங்கியது. வானத்தின் ஒரு பக்கம் மட்டும் மழை கறுத்துக் காத்திருந்தது. எங்கள் தோட்டங்கள் எல்லாம் வண்டி பிடித்து வந்திருந்தன. கூட்டத்தின் சத்தம் காதில் விழுந்தும் விழாமலும், தண்ணீருக்கடியில் இருந்து கேட்பதுபோல் இருந்தது. ரயில் ஒன்று நிலையத்தை நெருங்கும்போது வேகம் குறைத்தது. அதன் சன்னல்களில் தெரிந்த முகங்கள் எல்லாம் எங்களையே பார்த்தபடி நகர்ந்து போயின. அந்த முகங்களுக்கு நான் கையசைத்தேன். இப்போது அந்த நாளை நினைத்தால் ஆட்டத்துக்கு முன்னால் எனக்கு வருவது அந்த வெளிச்சம்தான்.

பெம்பான்காரர்கள் வந்து எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். அக்காவின் அப்பா சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில், பேருந்தில் உட்காரும் அதே நிமிர்வோடு உட்கார்ந்தார். அக்கா எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து என் சடையின் ரிப்பனைச் சரிசெய்துவிட்டார். “எது உங்க மாமா?” என்று காதோடு கேட்டார். நான் பெருமையாகக் காட்டினேன். மாமா திடலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“முன்னுக்கே எறக்க மாட்டாங்க. முக்கியமான ஆளுங்கள அப்பறந்தான் விடுவாங்க” என்று அம்மா யாரும் கேட்காமலே விளக்கினார்.

ஆட்டம் தொடங்கியது. எனக்கு அதன் சட்டதிட்டம் எதுவும் தெரியாது. கோட்டுக்கு உள்ளே ஓடுவதுதான் ஆட்டம், வெளியே ஓடுவது ஆட்டமில்லை என்பதும் தெரியாது. ஆகவே கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்து, ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டை ஒட்டி எங்கள் பக்கமாக ஓடி வந்தபோது, மாமா ஆடத் தொடங்கிவிட்டார் என்றே நான் நினைத்தேன். திடல் அப்படியே எழுந்துகொண்டது. “பதினேழு! பதினேழு!” என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். எங்களுக்குப் பின்னாலிருந்த மலாய்க்காரர்கள் “புடாக் கித்தா!” என்று அலறினார்கள். நம்ம பையன், நம்ம பையன் என்று அர்த்தம். முரசு அடித்தார்கள். மாமா முழங்காலைத் தூக்கித் தூக்கி மூலைக்கொடி வரைக்கும் ஓடி, திரும்பி ஓடி வந்து, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்காவின் அப்பா நிமிர்ந்தபடியேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கூட்டம் கத்தியபோது திரும்பித் திரும்பிப் பார்த்தார். அம்மா அதைக் கவனித்துவிட்டார். அப்பாவின் தொடையில் ரகசியமாக ஒரு கிள்ளு விழுந்தது.

இடைவேளையில் அம்மா டப்பாவைத் திறந்தார். விடிகாலையில் எழுந்து சுட்ட பருப்பு வடை. கூட்டத்தில் பாதிப் பேருக்குப் போதும். மாமாவுக்கென்று மட்டும் இரண்டைத் தனியாக வாழையிலையில் பொதிந்து மடியில் வைத்திருந்தார், ஆடி முடித்துப் பசியோடு வருவான் என்று.

“அண்ணே, ஒரு வடை எடுத்துக்குங்க.”

“இருக்கட்டும்மா.”

“நீயாச்சும் எடுத்துக்கம்மா.”

அக்கா தன் அப்பாவைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்து வேண்டாம் என்றார். பேச்சு முடியாத வரைக்கும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அவர்கள் கையால் ஒரு வாய் வாங்கித் தின்றுவிட்டால் சரி என்று சொன்னது மாதிரி. வீட்டில்தான் அந்தக் கட்டுப்பாடு, திடலில் என்ன வந்தது என்று அம்மா நினைத்திருப்பார். பெம்பான்காரருக்கு எல்லா இடமும் ஒன்றுதான். எனக்கோ அவர்களுக்கு வடை பிடிக்காது போலிருக்கிறது என்று ஒரே ஆச்சரியம். அவர்களுடைய பங்கிலும் இரண்டைத் தின்றேன்.

இரண்டாம் பாதியிலும் மாமா ஓடினார். டவுன் குழு சோர்ந்துபோகும் போதெல்லாம் கோச் திரும்பி ஒரு விரலைக் காட்டுவார், மாமா ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுவார், கூட்டம் கத்தும், முரசு அதிரும், உள்ளே ஆடுகிறவர்களுக்கு வேகம் பிறக்கும். அப்புறம் மாமாவை உட்காரச் சொல்லிவிட்டு வேறு யாரையாவது இறக்குவார்கள். ரசிகர்களை வளர்ப்பது என்பது இப்படியும் நடக்கும் என்று எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆனது. அடுத்த மாதம் அந்தக் குழு வேறோர் ஊருக்குப் போனது. அங்கே கடைத்தெருவில் அந்த ஊர்ப் பையன் ஒருவன் இதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பேனரில் நின்றானாம். மாமாவுக்கு இது முதலிலேயே தெரியுமா என்று நான் கேட்டதில்லை. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றைக்கு எனக்கு எந்த எரிச்சலும் இல்லை. நான் பந்தைப் பார்க்கவே இல்லை. மழைக்கு முந்தின அந்த வெளிச்சத்தில் புல் பச்சையாகவும் இல்லாமல் மஞ்சளாகவும் இல்லாமல் மினுங்கியது. அதன் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒருவர் தனியாக, யாரும் குறுக்கே வராமல், யார் காலிலும் இடறாமல் ஓடிக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே முட்டி மோதிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் பாவம் என்று நினைத்தேன்.

பிறகு சத்தம் குறைய ஆரம்பித்தது. பின்னால் யாரோ, “சும்மா ஓட விடறாங்கலா, எறக்க மாட்டானுங்க” என்று சொல்ல, சிலர் சிரித்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. வாழையிலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் கோச் மறுபடி விரலைக் காட்டினார். மாமா எழுந்தார். இந்த முறை முரசுக்காரர்கள் மட்டும் அடித்தார்கள். நான் மட்டும் “பதினேழு!” என்று கத்தினேன். மாமா மூலைக்கொடி வரைக்கும் அதே மாதிரி முழங்காலைத் தூக்கி ஓடினார், அதே மாதிரி திரும்பினார். எங்களைத் தாண்டும்போது இந்த முறை கையசைக்கவில்லை. எங்கள் பக்கமே பார்க்கவில்லை. ஆனால் ஓட்டத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

அக்காவின் அப்பா எழுந்து வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கெளம்பலாமாம்மா? மழ வர்ற மாதிரி இருக்கு.”

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா எழுந்திருக்கவில்லை. அவர் கண் கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்த மாமாவின் மேலேயே இருந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி, அம்மாவின் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வடையை எடுத்துக் கடித்தார். அவசரமே இல்லாமல் மென்றார். விழுங்கிவிட்டு இன்னொரு கடி கடித்தார். அவருடைய அப்பா நின்றபடியே மகளைப் பார்த்தார். எங்கள் வரிசையில் யாருமே ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என் அப்பா வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார்.

முதல் தூறல் விழுந்தது. பெம்பான்காரர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். திடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் கையை நீட்டினார்.

“எனக்கும் ஒன்னு குடுங்கம்மா.”

பொட்டலத்தில் மிச்சமிருந்ததையும் அம்மா கொடுத்துவிட்டார்.  அவருக்கு அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைத்தேன். டப்பாவில் எத்தனையோ வடை கிடக்க, அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாக ஆடிக் களைத்த மாமாவுக்கென்று எடுத்து வைத்ததையா தேடிப்பிடித்துத் தின்பார்கள்? வேண்டுமா வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டு! அந்த அக்கா என் ரிப்பனை மறுபடி சரிசெய்ய வந்தபோது தலையை இழுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று என் கையில் விளக்கைக் கொடுத்து அவருக்குப் பக்கத்தில் நிற்கவைத்தபோதும் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.