சாஆ பொறு என்றது

ஜொகூர் பாரு தலைமை அலுவலகத்தில் இருக்கும் எங்கள் பெரிய கணினிக்கு என்னைவிட வயது அதிகம். அதை மாற்றலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் கூட்டத்தில் எல்லோரும் கைப்பேசியைப் பார்ப்பார்கள். அது பேசும் பழைய மொழியைச் சாஆ, மெர்சிங் கிளைகளுக்குக் கொண்டுசேர்ப்பவை ரௌட்டர்கள். அந்த ரௌட்டர்களைத் திரையில் மேய்ப்பது என் வேலை.

அந்தப் பழைய மொழியில் ஓர் ஒழுங்கு உண்டு. வாங்குகிறவன் ‘பொறு’ என்றால் அனுப்புகிறவன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மறுபடி ‘அனுப்பு’ என்று சொல்லும்வரை ஓர் எழுத்துகூட நகராது. என் வீட்டில் இந்த ஒழுங்கு யாருக்கும் கிடையாது.

போன வருடம் ஆயுத பூசைக்கு மறுநாள் சாஆ உறைந்துபோனது. கிளையில் ஒரு திரையும் அசையவில்லை. என் கண்காணிப்புத் திரையிலோ சாஆ பச்சைப் பசேல் என்று இருந்தது. பக்கத்தில் மட்டும் ‘பொறு’ என்ற குறி. ரௌட்டர் நன்றாக இருக்கிறது, சாஆதான் வாங்க மாட்டேன் என்கிறது என்று பாஸிடம் சொன்னேன். பச்சையாக இருந்தும் ஓடவில்லை என்றால் பார்த்துக்கொள்கிறவள் சரியில்லை என்பது அவர் நியாயம். வெள்ளிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் என்னை மெர்சிங் கிளைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஜொகூர் பாருவிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் மெர்சிங் நல்ல ஊர்தான், மீன் வாங்க. ஆனால் என் கணவர் விடியுமுன்பே மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். இரண்டு வயது மகளை நர்சரியில் விடுவதும் கூட்டிவருவதும் நான்தான். ரௌட்டரில் தகவல் காத்திருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதுவும் நிரம்பி வழிந்தது. வியாழக்கிழமை காரை எடுத்துக்கொண்டு, வழிநெடுக பாஸைத் திட்டியபடி சாஆவுக்குப் போனேன்.

கிளையின் தலைமை கிளார்க் அக்கா தேத்தண்ணியும் பூசைச் சுண்டலும் வைத்தார். சுண்டலுக்கும் வயதாகியிருந்தது. பிரிண்டரில் காகிதம் கட்டாக இருந்தும் காகிதம் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. கவனிக்கவில்லையா என்று கேட்டேன். ஒன்றுமே ஓடாதபோது இது மட்டும் ஓடுமா என்று விட்டுவிட்டாராம்.

மூடியைத் திறந்தேன். காகிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க பிரிண்டரின் வாயோரத்தில் ஒரு சின்னக் கண் உண்டு. அந்தக் கண்ணின் மேல் தடிமனாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கண் தெரியாத பிரிண்டர் ‘பொறு’ என்றிருக்கிறது. அதற்கென்று வந்தவையெல்லாம் தேங்கி, கிளையின் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான பெட்டி நிரம்ப, அது ரௌட்டரிடம் ‘பொறு’ என்றது. ரௌட்டர் பெரிய கணினியிடம் சொன்னது. எல்லாம் ஒழுங்காக, மரியாதையாக நின்றிருக்கின்றன. எனக்குத்தான் மரியாதை கிடைக்கவில்லை.

துடைக்கப்போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

“துடைக்காதம்மா. பூசைக்கு வந்தப்ப பாஸ் அவர் கையால வச்சது. ஒரு வார்த்த கேட்டுடு லா.”

அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். பொட்டுதான் காரணம் என்று சொல்லி முடிப்பதற்குள் பாஸ் கொதித்துவிட்டார்.

“மிஷினுக்குள்ள போயி எந்த மடையன் வச்சான்?”

அக்கா போன் பக்கம் குனிந்து, மிகுந்த பணிவோடு சொன்னார்.

“நீங்கதான் பாஸ். கண்ணு மாதிரி இருக்கு, இதுக்கு மேலதான் வைக்கணும்னு சொன்னீங்க.”

பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, துடைத்துவிடச் சொன்னார். ரிப்போர்ட்டில் காரணம் ஈரப்பதம் என்று போடச் சொன்னார், காய்ந்து ஓடாகியிருந்த சந்தனத்துக்கு. சரி என்றேன். இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டி, மெர்சிங் மாற்றல் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“எந்த மாற்றல்மா?” என்றார்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அக்கா ஈரத்துணியை என் கையில் கொடுத்தார்.